ஒன்பதாம் நம்பர் அக்காவின் ஆறு வாரம்

சன்னல்களைத் துடைப்பது அந்த வீட்டில் தையல்காரரின் வேலை. குளிர்காலம் முழுக்க மூடிக் கிடந்த மூன்று சன்னல்களையும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் நெம்பித் திறந்தார். முதல் சன்னல் சொன்ன பேச்சுக் கேட்டது. இரண்டாவது பெயிண்டோடு ஒட்டிக்கொண்டு முரண்டு பிடித்ததால் கத்தரிக்கோலின் முனையை விட்டுக் கிளப்பினார். துணி தவிர வேறு எதற்காவது அந்தக் கத்தரிக்கோலை எடுத்தால் பெற்ற மகளையே மன்னிக்காதவர் அவர். பிறகு, சட்டைக்கு வெட்டிய பழைய காகித மாதிரிகளைக் கசக்கி, நனைத்து, கண்ணாடியைத் தேய்த்தார். யாருடைய கையோ, யாருடைய காலரோ கறுத்துப்போய்த் தரையில் விழுந்துகொண்டிருந்தன.

கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் அவர் மனைவி. ஒன்பதாம் நம்பர் பஸ்ஸை ஓட்டுபவள். டிப்போவில் எல்லோருக்கும் அவள் ‘ஒன்பதாம் நம்பர் அக்கா’. அவளைவிட எட்டு வயது மூத்த மெக்கானிக்குக்கூட அக்காதான்.

“காத்து வருதா?” என்று கேட்டார் தையல்காரர்.

“வருது. கூடவே எதிர்வீட்டுச் சண்டையும் வருது.”

“அது இனாம். பட்டியல்ல முதல் வரியே சன்னலைத் திறங்கன்னுதான் போட்டிருக்கு.”

பட்டியல் வந்த கதை இது. பத்து நாளைக்கு முன்னால், கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸைத் திருப்பி நிறுத்திவிட்டு இறங்கும்போது அவளுக்குக் கண் இருட்டியது. கம்பியைப் பிடித்தபடியே படியில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். கண்டக்டர் ஓடிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்து, “குடிங்கக்கா” என்று பாட்டிலை நீட்டினான். அந்த நிலைமையிலும் அவள் மணியைத்தான் கேட்டாள். பதினொன்று பத்து. இன்னும் ஒரு நடை பாக்கி. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

டிப்போ டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். சின்ன வயது, பேச்சில் சுற்றி வளைப்பு கிடையாது.

“கிட்னி கஷ்டப்படுதும்மா. கிரியாட்டினின் ஒண்ணு புள்ளி ஆறு இருக்கு.”

“ஏதோ பஸ் கம்பெனி பேரு மாதிரி இருக்குங்க.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “ஒண்ணு புள்ளி மூணுக்குள்ள வரணும். டிரைவர்களுக்கு வருஷா வருஷம் நடக்கற பரிசோதனைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு. அன்னைக்கும் இந்த எண் இறங்கலன்னா நான் கையெழுத்துப் போட முடியாது. மயங்கி விழற ஆள்கிட்ட அறுபது பேரை ஒப்படைக்க முடியாது.”

“அப்புறம் என்ன பண்ணுவாங்க?”

“டிக்கெட் கவுண்டர்ல போடுவாங்க. சம்பளம் அதேதான்.”

சம்பளத்தைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. அந்தக் கவுண்டரை அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் ஆறு வருஷம் அதன் சதுர ஓட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து, மனிதர்களை மோதிரமும் நகமுமாக மட்டும் பார்த்தவள். இருபத்தொன்பது வயதில் கனரக வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். அவளுக்கு உயரம் நாலடி பதினோரு அங்குலம். தரையில் நின்றால் எவரையும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் ஏறிவிட்டால் ஊர் அவளை அண்ணாந்து பார்த்தது. முதல் நாள் ஒரு பெரிய மனிதர் படியில் கால் வைத்து, அவளைப் பார்த்து, “நான் அடுத்ததுல வரேன்” என்று இறங்கிக்கொண்டார். அடுத்த பஸ் நாற்பது நிமிஷம் கழித்துத்தான் வந்தது. இன்று அவர் அவளுக்கு நேர் பின்னால் உள்ள இருக்கையைத் தவிர வேறெங்கும் உட்காருவதில்லை. பத்தொன்பது வருஷத்தில் அவள் பஸ்ஸில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

டாக்டரம்மா ஒரு தாள் கொடுத்தார். அதே வாரம் நாத்தனாரும் போனில் ஒன்று அனுப்பினாள். ரோஜாப் பூ படத்தின்மேல் ‘வசந்தம் வந்தாச்சு, உடம்பைப் புதுசாக்க ஏழு எளிய வழிகள்’. சன்னலைத் திறங்கள், காலை வெயிலில் நில்லுங்கள், தினமும் பத்து தம்ளர் தண்ணீர், அரைமணி நடை, தட்டில் பாதி காய்கறி, சீக்கிரம் தூக்கம், பிடித்தவர்களோடு சிரியுங்கள். தாளுக்கும் ரோஜாவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. டாக்டரம்மா சிரிப்பைச் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

தையல்காரர் இரண்டையும் சேர்த்துத் தன் அளவு நோட்டில் ஒரு பக்கம் எடுத்து எழுதினார். வாடிக்கையாளர்களின் தோள், மார்பு, இடுப்பு அளவுகளுக்கு நடுவில் மனைவிக்கு ஏழு கட்டங்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டுக் கேட்டு எழுதுவார்.

“தண்ணி?”

“பத்து.”

“சிரிப்பு?”

“இப்ப நீங்க கேக்கறதே போதாதா? போடுங்க ஒண்ணு.”

தண்ணீர்தான் அவளுக்கு இருந்த ஒரே பெரிய வேலை. அதுதான் முடியாத வேலை. காலை ஐந்து மணிக்கு டிப்போவை விட்டுப் புறப்பட்டால் மதியம் இரண்டு மணிக்குத்தான் திரும்ப வருவாள். கடைசி நிறுத்தத்தில் ஒரு கழிப்பறை உண்டு. அதற்குப் பூட்டும் உண்டு. ஆண்கள் சுவரோரமாகப் போய்விட்டு வந்தார்கள். அவள் பத்தொன்பது வருஷமாக, எழுந்ததும் ஒரு வாய் காப்பியோடு நிறுத்திக்கொண்டு, இரண்டு மணிவரை தொண்டையை நனைக்காமல் ஓட்டப் பழகியிருந்தாள்.

ஆனாலும் முதல் வாரம் வைராக்கியமாகக் குடிக்கத் தொடங்கினாள். மூன்றாம் நாள் பாலத்தின்மேல் நெரிசல். முக்கால் மணி நேரம் வண்டி நகரவில்லை. நகர்ந்ததும், நிறுத்தமே இல்லாத இடத்தில் பஸ்ஸை ஓரம்கட்டிவிட்டு ஒரு வங்கிக்குள் ஓடினாள். ஐந்து நிமிஷம். திரும்பி வந்தபோது பஸ்ஸில் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும், “அம்மாவுக்கு வேலை முடிஞ்சுதா, கிளம்பலாமா?” என்றது.

மறுநாளே புகார் வந்தது. டிப்போ மேனேஜர் கூப்பிட்டார்.

“ஏம்மா, பஸ்ஸை நடுரோட்டுல விட்டுட்டு பேங்குக்குள்ள ஓடினீங்களாமே?”

“பணம் போடப் போகல சார்.”

“அது தெரியும். கடைசி நிறுத்தத்துல பாத்ரூம் கட்டிக் கொடுத்திருக்கே.”

“பூட்டியிருக்கு சார்.”

“குழாய்ல தண்ணி வரலன்னு பூட்டினது. மேல எழுதியிருக்கோம்.”

“எப்ப எழுதினீங்க?”

அவர் மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினார். “ஒரு மூணு வருஷம் இருக்கும். இதோ பாருங்க, உங்க ரெக்கார்டு சுத்தமா இருக்கு. இன்னொரு புகார் வந்தா நானே நினைச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது. பாத்து நடந்துக்குங்க.”

அவள் பார்த்து நடந்துகொண்டாள். மறுநாளிலிருந்து பழையபடி இரண்டு மணிவரை தண்ணீரைத் தொடவில்லை. அதற்கு மேல் வீட்டுக்கு வந்து, பத்து தம்ளரையும் படுப்பதற்குள் குடித்துத் தீர்த்தாள். விளைவு, ராத்திரி ஐந்து முறை எழுந்தாள். ‘சீக்கிரம் தூக்கம்’ கட்டத்தில் தையல்காரர் ஒன்பதரை என்று எழுதிக்கொண்டிருந்தார். படுத்த நேரம் அதுதான், பொய்யில்லை. சில நாள் ஆறு தம்ளருக்கு மேல் இறங்காது. அன்றைக்கும் பத்து என்றே சொன்னாள். அந்த மனிதர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும்போது வேறு எண் வாயில் வரவில்லை.

நடை இன்னொரு வம்பு. பஸ் ஓட்டி ஓட்டி அவள் இடுப்பு எப்போதோ கெட்டுப்போயிருந்தது. மாலையில் நாத்தனார் வந்து நின்று, “கிளம்புங்க அண்ணி, குளத்தைச் சுத்தி ஒரு ரவுண்டு. மரமெல்லாம் தளிர் விட்டிருக்கு, பாத்தாலே பாதி நோய் போயிடும்” என்று இழுத்துக்கொண்டு போவாள். தளிர் அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் வாரம் பிறந்தபோது அவளால் குனிந்து செருப்பின் வாரை மாட்ட முடியவில்லை.

“நடையை நிறுத்திடலாமா?” என்றார் தையல்காரர்.

“எண்ணு இறங்கணும்ல. மாத்திரை இருக்கில்ல, ஒண்ணு கூடப் போட்டுக்கறேன்.”

இடுப்பு வலி மாத்திரை. டிப்போவில் பாதிப் பேர் போடுவது. அவள் வருஷக்கணக்கில் தினம் ஒன்று போட்டாள். நடை தொடங்கியதும் இரண்டாயிற்று, பிறகு மூன்று. முனைக்கடைக்காரன் சீட்டு எதுவும் கேட்காமல் அட்டையாகவே கொடுப்பான். தையல்காரர்தான் வாங்கி வருவார். நேர்மையான மனிதர், நோட்டில் ஏழு கட்டத்துக்குக் கீழே எட்டாவதாக ஒன்று போட்டு அதையும் எழுதிவந்தார்: வலி மாத்திரை, காலை ஒன்று, மதியம் ஒன்று, இரவு ஒன்று.

மூன்றாம் வாரக் கடைசியில் டாக்டரம்மா இடையில் ஒருமுறை ரத்தம் பார்த்தார். தையல்காரர் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மகளின் மதிப்பெண் அட்டை வாங்கப் போகும் தகப்பன் மாதிரிக் கூட வந்தார்.

“ஒண்ணு புள்ளி ஒன்பது” என்றார் டாக்டரம்மா.

இருவருக்கும் உடனே புரியவில்லை. ஆறிலிருந்து ஒன்பது என்றால் கூடியிருக்கிறதா என்று தையல்காரர் கேட்டார்.

“கூடியிருக்கு. நிறைய.”

“அது எப்படிங்க? எல்லாம் எழுதி வெச்சிருக்கேன். ஒரு நாள் விடல. பாருங்க.” நோட்டை மேசைமேல் விரித்தார்.

டாக்டரம்மா பக்கங்களைத் திருப்பினார். சிரிப்புக் கட்டத்தைப் பார்த்து உதடு லேசாக அசைந்தது. எட்டாவது கட்டத்துக்கு வந்ததும் அது நின்றுவிட்டது.

“இந்த மாத்திரை யார் எழுதிக் கொடுத்தது?”

“யாரும் இல்லைங்க. இடுப்பு வலிக்கு.”

“போன தடவை ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களான்னு நான் கேட்டேனே.”

“அது நோய்க்கான மாத்திரைன்னு நெனச்சேன்” என்றாள் அவள். “இது டிரைவருங்க எல்லாரும் போடறது.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “நல்ல கிட்னியையே இது சிரமப்படுத்தும். தண்ணி குடிக்காத உடம்புல தினம் மூணு போட்டா...” பாதியில் நிறுத்தி அவளையே பார்த்தார். “தண்ணி பத்து தம்ளர்னு இருக்கு. வேலை நேரத்துல எத்தனை?”

அவள் கணவரைப் பார்த்தாள். “ஒண்ணும் இல்ல.”

வீட்டுக்கு வந்ததும் தையல்காரர் மிச்சமிருந்த இரண்டு அட்டையையும் எடுத்து, ஒவ்வொரு மாத்திரையாக அழுத்தி, கழிவுத் தொட்டியில் போட்டுத் தண்ணீரை இழுத்து விட்டார். அவள் கதவருகே நின்றாள்.

“உங்களுக்கு என்ன தெரியும்? நான்தான் கேட்டு வாங்கினேன்.”

“பத்து தம்ளர்னு சொன்னியே” என்றார் அவர். “நான் மை போட்டு எழுதினேனே.”

அவர் அதற்குப் பிறகு நோட்டில் அவளைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

மிச்சம் மூன்று வாரம். மாத்திரை இல்லாத இடுப்பு என்னவென்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு வேகத்தடையும் பல்லுக்குள் ஏறியது. பிரேக்கை மிதித்து எடுக்கும்போது கண்ணில் நீர் நின்றது. இருந்தும் பஸ் ஒருமுறைகூடக் குலுங்கவில்லை. பின்னால் உட்காரும் பெரிய மனிதர் ஒருநாள், “என்னம்மா, சளியா? மூக்கை உறிஞ்சிட்டே வரீங்க” என்றார். ஆமாம் என்றாள்.

தையல்காரர் இருக்கைக்குத் திண்டு தைக்க ஆரம்பித்தார். முதல் திண்டு அமுங்கிப்போயிற்று. இரண்டாவது வழுக்கியது. மூன்றாவதற்காக டிப்போவுக்கே போய், மெக்கானிக்கின் கையைக் காலைப் பிடித்து, அவள் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, அங்குல நாடாவால் அளந்து வந்தார். கடைக்கு வந்த துணிகளெல்லாம் கிடப்பில் கிடந்தன. கல்யாணக் கோட்டு கேட்டு வந்த ஒருவர், “என்ன தையல்காரரே, மெத்தைக் கடை வைக்கப் போறீங்களா?” என்று கிண்டலடித்துவிட்டுத் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். மூன்றாவது திண்டில் ஒரு மணி நேரம் வலி தெரியாமல் உட்கார முடிந்தது.

தண்ணீருக்கு வழி சொன்னவன் கண்டக்டர். பாதி வழியில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்று. அங்கிருந்த பெண்ணிடம் அவனே போய்ப் பேசியிருக்கிறான்.

“என்னடா சொன்னே?”

“எங்க அக்காவுக்கு ஒரு அவசரம், தினம் ரெண்டு தடவை வரும்னு சொன்னேன். வரச்சொல்லுங்கன்னுட்டாங்க. நான் இங்க ஆளுங்களை மெதுவா ஏத்தறேன். வயசானவங்க ரெண்டு பேரு தினம் வராங்க, அவங்க ஏறவே ரெண்டு நிமிஷம் ஆகும்.”

“வராத அன்னைக்கு?”

“நானே நொண்டிட்டு ஏறறேன்.”

அந்த இரண்டு நிமிஷத்தை ஈடுகட்ட, கடைசி நிறுத்தத்தில் சாப்பிடும் நேரத்தில் அவள் வண்டியை எடுத்தாள். சாப்பாட்டை டிப்போவில் நின்றபடி சாப்பிட்டாள். ஆனால் தண்ணீர் உள்ளே போயிற்று. சில வாரமாக முகத்தில் இருந்த வீக்கமும் குறைந்தது. ஒருநாள் காலையில் குளத்துப் பக்கம் திரும்பும்போது, வெயில் பட்ட தளிர்களைப் பார்த்து அவளே, “நல்லா இருக்கில்ல?” என்று கண்டக்டரிடம் சொன்னாள். அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான், அக்கா இந்த வருஷமும் தாண்டிடுவாங்க என்று. நாத்தனார் புதிதாக ஒரு பூப்படம் அனுப்பினாள். அவள் அதற்குப் பதிலாக முதல் முறையாக ஒரு பூ அனுப்பினாள். பரிசோதனைக்கு முந்தைய அந்த ஒரு வாரம் அவளுக்குப் பயமே பெரிதாக இருந்தது. இறங்கும் என்று நம்பத் தொடங்கிவிட்டதால் வந்த பயம்.

பரிசோதனை நாள். டாக்டரம்மா தாளைத் திருப்பி அவள் பக்கமாக வைத்தார். ஒன்று புள்ளி ஐந்து.

“நல்லா இறங்கியிருக்கு. ஒன்பதுலருந்து அஞ்சு. மூணு வாரத்துல இது பெரிய விஷயம்.”

“மூணுக்கு வரணும்னு சொன்னீங்களே.”

“ஆமா.”

“இன்னும் பதினஞ்சு நாள் குடுங்க டாக்டரம்மா. இறங்கற கணக்கைப் பாத்தா வந்துடும். வராதா?”

“வரலாம். வராமலும் போகலாம். இத்தனை வருஷத்துல கொஞ்சம் நிரந்தரமாவே கெட்டிருக்கும். தேதி என் கையில இல்லம்மா. இன்னைக்கு எண் என்னவோ அதைத்தான் எழுத முடியும். அடுத்த பரிசோதனை அடுத்த வசந்தத்துல.”

தையல்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார். “மாத்திரை நான் வாங்கிக் கொடுத்ததுங்க. கடையில போய்க் கேட்டுப் பாருங்க, என் முகம்தான் தெரியும். அவ பண்ணின தப்பு இல்ல. அதைத் தாள்ல எழுத முடியுமா?”

“அதுக்கு இதுல இடம் இல்லைங்க” என்றார் டாக்டரம்மா. குரல் இறங்கியிருந்தது. கையெழுத்து ‘ஓட்டத் தகுதியில்லை’ என்ற கட்டத்தில் விழுந்தது.

மேனேஜர் அறை மாடியில். பதினாறு படிகள். அவள் கம்பியைப் பிடித்து ஏறினாள், தையல்காரர் ஒரு படி பின்னால் வந்தார். மேனேஜர் எழுந்து நின்று வரவேற்றார். இருவரையும் உட்காரச் சொன்னார். அதுவே சரியாக இல்லை.

“வருத்தமாத்தான் இருக்கும்மா. ஆனா உடம்புதானே முக்கியம்? கவுண்டர்ல நிழல், மின்விசிறி எல்லாம் இருக்கு. இனிமே நிம்மதியா இருங்க. பேட்ஜை மட்டும் குடுத்துடுங்க.”

அவள் சட்டையிலிருந்து பேட்ஜைக் கழற்ற முயன்றாள். ஊக்கு துருவேறி இறுகியிருந்தது. தையல்காரர் குனிந்து, துணி கிழியாமல் கழற்றிக் கொடுத்தார். மேனேஜர் அதை வாங்கி இழுப்பறையில் போட்டு மூடினார்.

“நாளைக்கு ஒன்பதாம் நம்பரை யாரு எடுக்கறா சார்?”

“புதுசா ஒரு பொண்ணு. போன மாசம்தான் பயிற்சி முடிச்சுது. நல்லா ஓட்டுதாம். உங்களைப் பாத்துத்தான் இந்த வேலைக்கே வந்தேன்னு சொல்லுது.”

“என்ன வயசு?”

“இருபத்தாறு.”

“கல்யாணம் ஆயிடுச்சா?”

“ஆயிருக்கும்போல. ஏன்?”

“காலையில அஞ்சு மணிக்கு வண்டியை எடுத்தா ரெண்டு மணிவரைக்கும் அந்தப் பொண்ணு எங்க போகணும்னு சொல்லியிருக்கீங்க?”

மேனேஜர் மேசைமேல் இருந்த போனை எடுத்துப் பார்த்தார். அது அடிக்கவில்லை. தையல்காரர் மனைவியின் முழங்கையைத் தொட்டார். அவள் அசையவில்லை, முகத்தை நிமிர்த்தி அந்த உயரமான மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லுங்க சார். எங்க போகணும்?”

மேனேஜர் ஒரு ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளி, அவர்களைச் சுற்றிக்கொண்டு கதவு வழியாக வெளியே போனார்.